உள்ளே சிவப்பு நூல்

1980 பொங்கல் முடிந்த வாரம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவுக்குப் பழைய பட்டுப்புடவை வாங்குகிறவர்கள் ஒரே நாளில் மூன்று பேர் வந்தார்கள். வழக்கமாக மாதத்துக்கு ஒருவர் வருவார். சைக்கிள் கேரியரில் எவர்சில்வர் பாத்திரம், தோளில் துணி மூட்டை. அன்று வந்தவர்களிடம் பாத்திரமே இல்லை. ரொக்கம் வைத்திருந்தார்கள்.

மூன்றாவது ஆள் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். ஆயா உள்ளே போய் டிரங்குப் பெட்டியிலிருந்து இரண்டு புடவைகளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். ஊருக்கெல்லாம் பட்டு நெய்து கொடுத்த வீட்டில் பட்டு என்று இருந்தவை அந்த இரண்டுதான். ஒன்று அரக்கு நிறக் கூறை. 1932-ல் அவள் கல்யாணத்துக்கு அவள் மாமனார் தன் தறியிலேயே போட்டது. இன்னொன்று மாம்பழ மஞ்சள், என் அப்பா பிறந்த பிறகு வந்தது.

"எத்தினி வருசத்துப் பொடவைம்மா?"

"எங் கல்யாணத்துது. அம்பது வருசம் ஆவப்போவுது."

அவர் முந்தியைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தார். ஓரத்தில் ஒரு ஜரிகை இழையை ஊசியால் நெம்பி எடுத்து, இரண்டு நகத்துக்கு நடுவில் வைத்து இழுத்தார். மேலே சுற்றியிருந்த மெல்லிய தகடு சுருள் சுருளாக உரிந்து வந்தது. உள்ளே சிவப்பாக ஒரு பட்டு நூல். அந்த இழையை அப்படியே தீக்குச்சியில் காட்டினார். முடி கருகுகிற நாற்றம் வந்தது. நூல் போய்விட்டது, கறுத்த சுருள் மட்டும் நின்றது. அதைக் கட்டை விரலில் தேய்த்துக் காட்டினார். வெள்ளை வெளேரென்று மின்னியது.

"தங்கம்னு நெனச்சுக்காதீங்கம்மா. நாங்க வாங்கறது வெள்ளிய" என்றார்.

உள்ளே அப்பாவின் தறிச் சத்தம் நின்றிருந்தது. அவர் தறிக்குழியை விட்டு ஏறி வரவில்லை, எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் பேரம் முடிகிற வரைக்கும் நாடா ஓடவில்லை.

அந்த வாரத்தில் மட்டும் ஏன் மூன்று பேர் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. அமெரிக்காவில் டெக்சாஸைச் சேர்ந்த ஹன்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வருடத்துக்கு முன் அவுன்ஸ் 6 டாலர் சுமாருக்கு விற்ற வெள்ளி அந்த ஜனவரியில் 50 டாலரை நெருங்கியது. மார்ச் கடைசியில் மடமடவென்று விழுந்தது. அதற்குள் எங்கள் தெருவில் எத்தனையோ டிரங்குப் பெட்டிகள் இளைத்துவிட்டன. டெக்சாஸ் எங்கே இருக்கிறது என்று ஆயாவுக்குத் தெரியாது. அத்தைக்குப் பிரசவம் நெருங்கியிருந்தது, அது தெரியும். மாம்பழ மஞ்சளைக் கொடுத்தாள். அரக்கை மடித்து மறுபடி பெட்டியில் வைத்தாள்.

வாங்கிப் போன புடவைகளை என்ன செய்வார்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். "கொளுத்துவாங்க" என்றார். பட்டு சாம்பலாகும். உலோகம் தங்கும். அதை உருக்கி நைட்ரிக் அமிலத்தில் போட்டால் வெள்ளியும் செம்பும் கரைந்துவிடும், கரையாமல் அடியில் கறுப்பாகக் கொஞ்சம் பொடி நிற்கும். அந்தப் பொடிதான் தங்கம். ஒரு புடவைக்கு ஒரு சிட்டிகை தேறினால் அதிகம்.

ஜரிகை என்ற பெயரிலேயே தங்கம் இருக்கிறது. பாரசீகத்தில் 'ஜர்' என்றால் பொன். தங்க நூல் கொண்டு துணிமேல் ஊசியால் பூவேலை செய்வதை ஜர்தோசி என்பது அதனால்தான். மொகலாய அரண்மனைகளில் வெல்வெட்டின் மீதும் பட்டின் மீதும் அந்த வேலை செழித்தது. லக்னோவில் இன்றும் நடக்கிறது. வடக்கே இந்த நூல் ஊசிக்கும் நாடாவுக்கும் போனது, இங்கே பெரும்பாலும் நாடாவுக்குள் போனது என்று சொல்லலாம். காரணம் புடவைதான் என்பது என் எண்ணம். வெட்டாத, தைக்காத துணி அது. கொசுவம் வைக்க வேண்டும், முந்தி தோளில் வழுக்கி விழ வேண்டும், திரும்பினால் உள்பக்கமும் தெரியும். மேலே வைத்துத் தைத்த கனமான வேலை அதற்குத் தோதுப்படாது. ஆகவே தங்கத்தை நெசவுக்குள்ளேயே ஊடையாகக் கொடுத்தார்கள். வைரஊசி, ருத்திராட்சம், மயில்கண், இருதலைப்பட்சி, கோபுரம் என்று ஊசிக்காரர்கள் தைத்துக் காட்டுவதையெல்லாம் எங்கள் ஆட்கள் நெய்தே காட்டினார்கள்.

காஞ்சிபுரத்தில் நெசவாளர்களின் பழமை பெரியது. பத்தாம் நூற்றாண்டின் கடைசியில் உத்தம சோழன் கொடுத்த செப்பேடு ஒன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காஞ்சியின் நான்கு சேரிகளில் இருந்த நெசவாளர்களிடம் ஊரகத்துப் பெருமாள் கோயிலின் நிர்வாகப் பொறுப்புகள் விடப்பட்டதை அது சொல்கிறது. கோயில் கணக்கையே நம்பி விட்ட ஆட்கள்! என் அப்பா காலத்தில் முதலாளி நூலை நிறுத்துக் கொடுத்து, புடவையையும் நிறுத்து வாங்குவார். இதை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

ஊர் பழமையானதாக இருந்தாலும் சரக்கு ஊரில் விளைவதில்லை. பட்டு கர்நாடகத்திலிருந்து வரும். ஜரிகை குஜராத்தின் சூரத்திலிருந்து வரும். மொகலாயர் காலத்தில் மேற்குக் கரையின் பெரிய துறைமுகமாக இருந்த ஊர் சூரத். அங்கே ஜரிகைக் கம்பி இழுக்கிற இரும்புத் தகட்டில் வரிசையாகத் துளைகள் இருக்கும், ஒன்றைவிட அடுத்தது சிறிது. வெள்ளிக் கட்டியை அடித்து நீட்டி, அதன்மேல் தங்கத் தகட்டைப் போர்த்திக் காய்ச்சி ஒட்டவைத்து, அந்தத் துளைகள் வழியாக ஒவ்வொன்றாக இழுப்பார்கள். கம்பி மயிரிழை ஆகும்வரை தங்கமும் கூடவே நீண்டுகொண்டு வரும், எங்கும் விட்டுப்போகாது. தங்கத்தின் குணம் அது. பிறகு கம்பியை நசுக்கித் தட்டையாக்குவார்கள். அதற்குப் பெயர் பாத்லா. அந்தத் தட்டையைப் பட்டு நூல்மேல் இடைவெளி தெரியாமல் சுற்றினால் ஜரிகை. உள்ளே இருக்கிற பட்டுக்குச் சிவப்போ ஆரஞ்சோ சாயம் போடுவது, தகட்டின் இடுக்கில் நூல் தெரிந்தாலும் பொன்னுக்கு ஒரு சூடு கிடைக்கட்டும் என்றுதான்.

பின்னாளில் தங்கத் தகட்டைப் போர்த்துகிற வேலை போய், நூலாகச் சுற்றிய பிறகு மின்சாரத் தொட்டியில் முக்கித் தங்க முலாம் ஏற்றுகிற முறை வந்தது. தொட்டியில் எத்தனை நேரம் விடுகிறோமோ அத்தனை தங்கம். நேரத்தைக் குறைத்தால் தங்கமும் குறையும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஜரிகையின் பிற்காலக் கதை முழுக்க இந்தக் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசத்தில்தான் நடந்தது.

ஆயாவின் கூறையைப் பற்றி ஒரு சந்தேகமும் உண்டு. அப்பா அதை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் "இது பிரெஞ்சு ஜரிகையா இருக்கும்" என்பார். அவர் இஷ்டத்துக்குச் சொல்லவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பிரான்சின் லியோன் நகரத்து இயந்திரங்கள் செய்த தங்க நூல் கப்பலேறி வந்து இந்தியத் தறிகளில் புகுந்தது. ஒரே சீரான இழை, விலையும் கட்டுப்படியானது. சூரத்துக்காரர்கள் தாங்களும் இயந்திரங்களைப் போட்டுத்தான் பிழைத்தார்கள். கடைசியில் அரசாங்கத்தின் சுங்க வரி வாரியம் விசாரணை நடத்திய பிறகு, உள்நாட்டுத் தங்க நூல் தொழிலைக் காப்பாற்ற 1931-ல் சட்டம் போட்டு இறக்குமதி வரியை உயர்த்தினார்கள். ஆயாவின் புடவை தறியில் ஏறியது அதற்கு அடுத்த வருடம். பழைய கையிருப்பில் இருந்த பிரெஞ்சு நூலா, புது வரியின் நிழலில் வந்த சூரத் நூலா? புடவையை எரித்தாலும் அது தெரியாது.

நானே தறியில் உட்கார்ந்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் விட்டால் பொய். காஞ்சிப் புடவையின் கோர்வைக் கரையை ஒரு ஆள் நெய்ய முடியாது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம், இரண்டும் சேருமிடத்தில் ஊடைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ள வேண்டும். மூன்று நாடா. நெசவாளி இரண்டைப் பார்த்துக்கொள்வார், மறு ஓரத்து நாடாவைத் தள்ள ஒரு பிள்ளை உட்காரும். ஏழாம் வகுப்பு வரை காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் விளக்கு வைக்கிற வரைக்கும் அந்தப் பிள்ளை நான். பக்கத்து வீடுகளில் பள்ளிக்கூடத்துக்கே போகாத பிள்ளைகள் இருந்தன. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது, அதற்கும் பல வருடங்கள் கழித்துத்தான் தறி ஓரங்கள் மெல்ல மெல்லக் காலியாயின. பட்டைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் கோர்வையின் அழகைப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அந்த ஓரத்தில் யார் உட்கார்ந்தது என்று எழுத மாட்டார்கள்.

ஜரிகை வருகிற நாள் வீட்டில் தனி மரியாதை. அம்மா கை கழுவித் துடைத்துவிட்டுத்தான் தொடுவாள். ஈரக் கை பட்டால் கறுக்கும் என்பாள். தார் சுற்றும்போது இழை அறுந்தால், அந்த ஒரு சாண் துணுக்கையும் எறியக் கூடாது. பவுடர் டப்பா ஒன்று இருந்தது, அதில் போட வேண்டும். புடவையோடு அந்தத் துணுக்குகளையும் முதலாளி தராசில் வைப்பார். கொடுத்த எடையும் வந்த எடையும் ஒத்துப்போகாவிட்டால் கூலியில் பிடிப்பார். ஒரு தடவை நான் பொம்மைக்குச் சடை பின்ன நான்கு துணுக்குகளை எடுத்துவிட்டேன். அம்மா அடிக்கவில்லை. பொம்மையை வாங்கி, சடையை அவிழ்த்து, ஒவ்வொன்றாக நீவி டப்பாவில் போட்டாள்.

ஜரிகையை நிறுக்கிற அளவுக்கு எங்கள் ஊரில் மார்க் என்று பெயர். ஒரு மார்க் 242 கிராம். அப்பா தலைமுறையில் 'எத்தனை மார்க் புடவை' என்றுதான் கேட்பார்கள், 'எத்தனை ரூபாய் புடவை' என்று கேட்பது பிறகு வந்த வழக்கம். 1971-ல் தமிழ்நாடு அரசே காஞ்சிபுரத்தில் தமிழ்நாடு ஜரிகை நிறுவனத்தைத் தொடங்கியது. கூட்டுறவுச் சங்கத் தறிகளுக்குக் கலப்படம் இல்லாத ஜரிகை கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். அந்த நிறுவனம் வெளிப்படையாகச் சொன்ன கணக்கு ஒன்று உண்டு: நூற்றுக்கு வெள்ளி 40, செம்பு 35.5, பட்டு 24, தங்கம் 0.5. அதற்கு முன்னால் வெள்ளி இதைவிடக் கூடுதலாக இருந்தது. வெள்ளி விலை ஏற ஏறச் செம்பு அந்த இடத்தைப் பிடித்தது.

ஒரு மார்க்குக்குப் பேனாவை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். வெள்ளி 96.8 கிராம். செம்பு ஏறக்குறைய 86 கிராம். பட்டு 58. தங்கம் 1.21 கிராம். ஒன்றேகால் கிராம்கூட இல்லை. ஒரு மூக்குத்தியும் ஒரு திருகாணியும் வரும். நல்ல கனமான முகூர்த்தப் புடவைக்கே ஒரு மார்க்குக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோதான் ஆகும். 'தங்க ஜரிகைப் புடவை' என்று கடைப் பலகையில் எழுதுகிறார்களே, அந்தத் தங்கம் இவ்வளவுதான். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆயாவுக்குத் தெரியும், வாங்க வந்த ஆளுக்கும் தெரியும். தங்கம் நிறத்துக்கு, வெள்ளி ஆபத்துக்கு. கட்டுகிற வரைக்கும் கட்டிவிட்டுக் கிழிந்த பிறகு ஒரு பிரசவத்துக்கோ ஒரு பள்ளிக்கூடக் கட்டணத்துக்கோ திரும்பி வரக்கூடிய துணி அது. வேறெந்தத் துணிக்கு அந்த யோக்கியதை இருந்தது?

இனி என் கல்யாணப் புடவை. 1986. நெசவாளி மகளுக்கு அப்பா நெய்த புடவை அமையவில்லை. முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது வழக்கம், அவர்கள் வேறு ஊரில் ஒரு கடையில் எடுத்தார்கள். கடை பெயர் எதற்கு. கரும்பச்சை உடல், ஒரு முழம் முந்தி, கண்ணைப் பறிக்கிற ஜரிகை. மணையில் உட்கார்ந்திருந்தபோது அப்பா ஆசீர்வாதம் பண்ணக் குனிந்தவர், முந்தியை இரண்டு விரலால் ஒரு கணம் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பன்னிரண்டு வருடம் கழித்து நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு எடுத்தேன். மடிப்பு விழுந்த இடமெல்லாம் பச்சை பூத்திருந்தது. அம்மா வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு இழையை உருவி உரித்தார். உள்ளே வெள்ளைப் பருத்தி நூல்.

"கறுத்தா வெள்ளி. பச்ச பூத்தா செம்பு" என்றார்.

"அன்னிக்கே தெரியுமாப்பா?"

"கைல பட்டதுமே தெரியும்மா. மணையில ஒக்காந்திருக்கற பொண்ணுகிட்ட அதச் சொல்வாங்களா?"

தெருவில் வந்த பழம்புடவைக்காரர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு டம்ளர்கூடத் தர முடியாதுக்கா" என்று திருப்பிக் கொடுத்தார். ஒரு தடவை மட்டும் உயிர் உள்ள புடவை.

போலி ஜரிகையைத் திட்டித் தீர்ப்பது சுலபம், ஆனால் எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. சூரத்தில் மூன்று வகையையும் ஒளிக்காமல்தான் செய்கிறார்கள். வெள்ளியில் அசல், செம்புக் கம்பிக்கு முலாம் பூசிய இரண்டாந்தரம், பாலியெஸ்டர் படலத்தை இழையாக நறுக்கிச் சுற்றிய மூன்றாந்தரம். மூன்றாந்தரம் இல்லாவிட்டால் மினுக்குக் கரைப் புடவை எத்தனை பேருக்கு எட்டும்? தட்டையாக, லேசாக, கறுக்காமல் இருக்கிறது, மழையில் நனைந்தாலும் கவலை இல்லை. குற்றம் நூலில் இல்லை, விலைச் சீட்டில்தான். காஞ்சிப் பட்டுக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, சூரத் ஜரிகைக்கு 2010-ல். பெயருக்குக் காவல் வந்தது, ஆனால் இழையை உரித்துப் பார்க்கிற சோதனை இப்போது செல்லாது, போலிக்குள்ளும் சிவப்பு நூலை வைக்கக் கற்றுக்கொண்டார்கள். அதனால் ஊரில் எக்ஸ்ரே கதிரைச் செலுத்திப் பார்க்கிற இயந்திரம் வந்திருக்கிறது. முந்தியை அதன்மேல் விரித்தால் எந்த உலோகம் நூற்றுக்கு எவ்வளவு என்று திரையில் காட்டும். தீக்குச்சி வேண்டாம், நகம் வேண்டாம். அப்பா இருந்திருந்தால் தன் விரலைப் பக்கத்தில் வைத்துப் போட்டி போட்டிருப்பார்.

இப்போது எங்கள் தெருவில் தறிச் சத்தம் குறைந்துவிட்டது. தறிக்குழியை மூடித் தரை போட்டுவிட்ட வீடுகளில் மரச்சட்டம் வைத்துக்கொண்டு பெண்கள் கொக்கி ஊசியால் ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்கிறார்கள். அம்மா காலத்து ரவிக்கை, புடவையோடு வந்த துணியில் கரையைக் கைக்கு வைத்துத் தைத்தது, அவ்வளவுதான். இன்றைய கல்யாணத்தில் ரவிக்கைக்குத்தான் முதல் மரியாதை. முதுகில் மயில், கையில் யானை அம்பாரி, மணமக்கள் பெயர்கூட உண்டு. ஸ்பிரிங் மாதிரிச் சுருண்ட கம்பியை ஒரு குண்டுமணி நீளத்துக்கு நறுக்கி நறுக்கிக் கோத்துத் தைக்கிறார்கள். அதற்கு இங்கே ஜர்தோசி என்றே பெயர். நாடாவுக்குள் போன நூல் வெகுகாலம் கழித்து ஊசிக்குத் திரும்பியிருக்கிறது. அதில் வெள்ளியைத் தேட வேண்டாம்.

போன வருடம் என் மகளுக்குக் கல்யாணம். ஆயாவின் அரக்குப் புடவை மடிப்பு மடிப்பாக இற்றுவிட்டது. விரித்தால் பட்டு விரிசல் விடும். முந்தியில் ஜரிகை மட்டும் நின்றது. அதில் நல்ல இழைகளாக உருவி எடுத்துக்கொண்டு, மகளின் ரவிக்கையில் தைத்துத் தரச் சொல்லி, ஆரி வேலை செய்கிற எதிர்வீட்டுப் பெண்ணிடம் போனேன். அவள் அப்பாவும் தறிக்காரர்தான். இவள் பத்தாவது முடித்ததும் ஆரிச் சட்டத்துக்கு வந்துவிட்டாள்.

கொக்கி ஊசியில் ஒரு இழையை மாட்டி இழுத்தாள். நான்காவது தையலில் தகடு உரிந்து சிவப்பு வெளியே வந்தது. மறுபடி முயன்றாள், மறுபடி உரிந்தது.

"இது கொக்கிக்கு வராதுக்கா. நூல் ரொம்ப வயசானது."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இழையைத் துணிக்குள் விடாமல் மேலேயே கிடத்தினாள். மெல்லிய பட்டு நூலால் அரை விரற்கடைக்கு ஒரு தரம் குறுக்கே ஒரு தையல் போட்டுப் பிடித்துக்கொண்டு போனாள். பழைய ஜர்தோசிக்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். மூன்று நாளாயிற்று. இரண்டு கைகளிலும் ஒரு சின்ன இருதலைப்பட்சி, அதற்குமேல் இழை போதவில்லை.

கூலி கொடுத்தேன். எண்ணி வாங்கிக்கொண்டு, சட்டத்துக்கு அடியில் விரித்திருந்த துணியை மெல்லத் தூக்கி உதறினாள். உரிந்த சுருள்களையும் அறுந்த துணுக்குகளையும் விரல் நுனியால் ஒற்றி ஒற்றி எடுத்து, காலண்டர் தாளில் மடித்து என் கையில் கொடுத்தாள்.

"நிறுத்துப் பாத்துக்குங்கக்கா" என்றாள்.